கோடித் துணியின் மறுமுனை

கடல் கடந்து போனவர்கள்தான் பயணக் கட்டுரை எழுதவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் பாளையங்கோட்டையிலிருந்து ஒரகடம் போனவன். கடவுச்சீட்டு கேட்கவில்லை, மற்றபடி வெளிநாட்டுக்கு வேண்டிய லட்சணங்கள் எல்லாம் இருந்தன. பேசுவது பாதி புரியவில்லை, குழம்பில் தேங்காய் இல்லை, நான் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இந்தக் கடைசிச் சங்கதி கொஞ்சம் கசக்கும். எங்கள் ஊரில் வயதான வக்கீல்கள் இன்னும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள்.

1991ஆம் வருஷம், தவக்காலத்தின் கடைசி வாரம். இரண்டு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகம் முழுவதற்கும் தெரிந்துபோனது. அதன் பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் அந்தக் குண்டுவெடிப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் போனபோது அது பெங்களூர் சாலையில் பஸ்ஸை நிறுத்தி டீ குடிக்கும் ஊர், அவ்வளவுதான்.

போன காரியம் இது. காலமாகிவிட்ட என் அண்ணனின் மகள் எஸ்தர், தாம்பரத்தில் நர்சு. ஒரகடம் பக்கத்துப் பையன் அருளப்பனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். தொழிற்சாலையில் ஃபிட்டர். குணத்தில் குறை இல்லை. கத்தோலிக்கன். நாங்களோ தலைமுறை தலைமுறையாகச் சீர்திருத்தச் சபை. சுரூபம் என்று அவர்கள் சொல்வதை விக்கிரகம் என்று சொல்லி வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் மூன்று கூட்டம் போட்டு, அழுது, ஜெபித்து, கடைசியில் எல்லோரும் சம்மதித்துவிட்டோம். இப்போது சம்மதிக்காதது பையனின் தாய்.

"வேண்டாம்னு சொல்லல சித்தப்பா. தேதி குடுக்க மாட்டேங்காங்க. நீங்க போய்ப் பேசுங்க. நடைமுறை எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள் எஸ்தர். வாழ்நாள் முழுவதும் பிறருக்குத் தேதி கொடுத்தவன், ஒரு தேதி வாங்குவதற்காக ரயில் ஏறினேன்.

புதன்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கினேன். எஸ்தர் வாங்கிக் கொடுத்த இட்லி நன்றாக இருந்தது. சாம்பாரில் சர்க்கரை இருந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு ஒரகடம் பஸ்ஸில் ஏறினேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பது இரண்டு சபையும் ஒத்துப்போகும் சில விஷயங்களில் ஒன்று.

படப்பைக்குச் சற்று முன்னால் பஸ் முனகி நின்றது. முன்பக்கம் ஆவி பறந்தது.

"வண்டிக்கு ஜுரம் வந்துகீது. அல்லாரும் எறங்கு" என்றார் கண்டக்டர்.

"ஜுரம்னா ஊசி போடுய்யா" என்றது பின்சீட்டு.

"ஊசி இன்னாத்துக்கு? உன் வாய வச்சி ஊது, ஆறிடும்."

ஒரு கூடைக்காரம்மாள், "பாவம், அதுக்கும் வயசாய்டுச்சில்ல" என்று பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினார். ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்து பஸ்களும் நிற்கும். ஆனால் கண்டக்டர் காரணம் சொல்ல மாட்டார்.

புளியமர நிழலில் நின்றபடி யோசித்தேன். பஸ்ஸுக்கு ஜுரம் வராது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் ஊசி போடச் சொல்கிறார், ஒருவர் தட்டிக்கொடுக்கிறார். யாரும் யாரையும் பொய் சொல்கிறாய் என்று பிடிக்கவில்லை. நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். வாயால் சொன்னால் வழக்கு இல்லை. அதையே மரத்தில் செய்து நிறுத்தினால் சபை பிரிந்துவிடுகிறது.

படப்பை தாண்டியதும் நிலம் அகலமாகத் திறந்தது. ஏரி, அறுத்த வயல், சவுக்குத் தோப்பு, நடுவே எண் எழுதிய மனைக் கற்கள். ஓர் இடத்தில் நீளமான மதில் சுவர், உள்ளே ஒன்றும் இல்லை. வரப்போகும் தொழிற்சாலைக்கு முதலில் சுவர் வந்திருந்தது. அதன் வாசல் தூணில் பூசணிக்காயில் முகம் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பெரிய மீசை, வெளியே தள்ளிய நாக்கு. யாருடைய முகமும் இல்லை அது. வருகிற கண்ணையெல்லாம் வாங்கிக்கொள்ள ஒரு முகம் வேண்டும், அவ்வளவே.

ஒரகடம் கூட்டுரோட்டில் அருளப்பன் சைக்கிளோடு நின்றான். மெலிந்த பையன், நகக்கண்ணில் கிரீஸ். "பின்னால குந்துங்க மாமா, கால மட்டும் அகட்டி வச்சிக்குங்க" என்றான். நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பல வருஷம் இருக்கும். மேட்டில் அவன் இறங்கித் தள்ளினான். அப்போது தாயைப் பற்றிக் கேட்டேன்.

"மிக்கேலண்ணன் தெரியுமில்ல மாமா? எஸ்தர் சொல்லிருக்கும்."

எஸ்தர் அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தாள். மூத்தவன் மிக்கேல், வெல்டர். போன வருஷம் வைகாசியில் குவைத்துக்குப் போனான். ஆடியில் அங்கே சண்டை வந்தது. நம் ஆட்களை விமானம் விமானமாக ஏற்றிக்கொண்டு வந்தார்களே, அதில் அவன் வரவில்லை. ஜோர்டானில், அம்மான் நகரத்து அகதி முகாமில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். பிறகு, அது வேறு மிக்கேலாக இருக்கலாம் என்றும் அவனே சொன்னான். போர் முடிந்துவிட்டது. செய்தி இல்லை.

"பெரியவன் சேதி தெரியாம சின்னவனுக்கு நல்ல காரியம் இன்னாடா அவசரம்னு கேக்குது அம்மா. நான் இன்னா சொல்றது?"

அவர்கள் கிராமத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பிறகு நடந்ததைப் படித்து அவர்கள் சபை மேலிடத்திலிருந்து யாராவது விசாரணைக்குப் போகக்கூடும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய தேவாலயம் ஓட்டுக் கூரை போட்ட சிறிய கோயில். வீட்டுக்குப் போகும் முன் அருளப்பன் அங்கே கூட்டிப்போனான்.

பக்கத்து அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், மரத்தால் செய்த ஆண்டவர் படுத்திருந்தார். ஆள் உயரம். தோள் இரண்டிலும் தோல்வார் வைத்துத் தைத்திருந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவையில் ஏற்றி, மாலையில் ஆணியைப் பிடுங்கி இறக்கும்போது கை மடங்கவேண்டும், அதற்காக. கால்விரல்களில் சாயம் போய் மரம் தெரிந்தது. பிறந்த குழந்தை முதல் கிழவர் வரை முத்தமிட்டு முத்தமிட்டுத் தேய்ந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் அணி இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும். நிலவு போன்ற முகம் என்றால் உவமை. அந்தப் 'போன்ற'வை நீக்கிவிட்டு முகத்தையே நிலவாக்கிவிட்டால் உருவகம். அப்பத்தை எடுத்து 'இது என் சரீரம்' என்று ஆண்டவர் சொன்ன சொல்லில் ஒரு 'போல' மறைந்திருப்பதாக நாங்கள் வாசிக்கிறோம். இல்லை, சொன்னது சொன்னபடி என்று அவர்கள் வாசிக்கிறார்கள். பல நூறு வருஷச் சண்டையும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும் இந்த இரண்டெழுத்தால் வந்தவை. எங்கள் சபையை நடத்தும் சேகர கமிட்டிக்குச் செயலராக இருந்தபோது, கத்தோலிக்கரின் திருவிழாக்களுக்கு நம் சபையார் போகலாகாது என்று சுற்றறிக்கை எழுதியவன் நான். அதன் நடை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

அருளப்பனின் தாய் லூர்தம்மா உயரமான மனுஷி. கணவர் போய் நாளாகிவிட்டது. என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா பெரியவரே, அந்தக் கோடியிலர்ந்து ரயில்ல குந்திக்கினே வந்தீங்களா? இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்?"

தவக்காலம் என்பதால் கறி இல்லை. ஏரி மீன் குழம்பு. காரம் கண்ணில் தெரிந்தது. எங்கள் பக்கம் குழம்பில் தேங்காய் அரைத்து விடுவோம். இங்கே மிளகாயை மட்டும் நம்புகிறார்கள். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன். அந்தத் தெம்பில்தான் தவறு செய்தேன்.

வெளியுறவு அமைச்சகத்துக்கு யார் மூலம் எழுதவேண்டும், ஆள் அனுப்பிய ஏஜெண்டை எந்த அலுவலகத்தில் நிறுத்திக் கேட்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். லூர்தம்மா கவனமாகக் கேட்டார். நான் நிறுத்தவில்லை. "அப்படியும் ஒரு தகவலும் இல்லைன்னா, ஏழு வருஷம் கழிஞ்ச பிறகு, சட்டம் அவரை இறந்தவராக் கொள்ளும்மா" என்றேன்.

கரண்டி சட்டியில் விழுந்த சத்தம் கேட்டது.

"கொள்ளுமா? கோர்ட்டு கொண்டா ஆயிடுமா? என் புள்ள எங்கியோ ஒரு வேள சோறு துண்ணுகினு இருப்பான். நீ இங்க குந்திக்கினு மீனு துண்ணுகினு அவன சாவடிக்கிறியா?"

"அம்மா" என்றான் அருளப்பன்.

"நீ சும்மா கெட."

அவர் எழுந்து போய்விட்டார். மரியாதைப் பன்மை போனதை நான் தகுதியான தண்டனையாக ஏற்றுக்கொண்டேன்.

கட்டிலில் படுத்தபடி யோசித்தபோது அவர் கேட்டது சரிதான் என்று பட்டது. எங்கள் நீதிமன்றம் உருவகத்தில்தான் நடக்கிறது. பத்துப் பேர் சேர்ந்த கம்பெனியை ஓர் ஆள் என்கிறோம். கோயில் மூர்த்தியின் பேரில் நிலம் இருந்தால் மூர்த்தியே வாதி; சட்டப்படி மைனர். எத்தனையோ வழக்கில் கல்லை வாதியாக எழுதி முத்திரை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலில் உட்கார்ந்து கல்லை வணங்குபவர்களுக்காக ஜெபித்தேன். இரண்டையும் செய்தவன் ஒரே ஆள்தான்.

வியாழக்கிழமை காலை நானும் அருளப்பனும் ஸ்ரீபெரும்புதூருக்குத் துணி வாங்கப் போனோம். பஸ் வரவில்லை, பெங்களூர் போகும் லாரி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. டிரைவர் கன்னடக்காரர். முன்கண்ணாடியில் சிறிய கந்தல் பொம்மை ஒன்று கழுத்தில் கயிறோடு ஆடிக்கொண்டிருந்தது. அது யார் என்று கேட்கச் சொன்னேன். அருளப்பனுக்கு ஓரளவு கன்னடம் தெரியும். டிரைவர் சொன்னதை அவன் தமிழில் சொன்னான்: "அது நான்தான். ரோட்டில் ஏதாவது எனக்கென்று எழுதியிருந்தால் அவனுக்கு நடக்கட்டும்." டிரைவர் சிரிக்கவில்லை. பொம்மைக்கு அவருடைய காக்கிச் சட்டையின் துண்டு கட்டியிருந்தது.

லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் அருளப்பன் அந்த முறையைப் பற்றி எனக்குச் சொன்னான். அதுவரை நான் கேள்விப்படாதது.

செத்தவர் மேல் உறவுக்காரர்கள் புதுத் துணி போர்த்துவதைக் கோடி போடுவது என்கிறோம். இந்தக் கிராமத்தில் பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவருக்கும் கோடி உண்டு. அதைப் போடும் உரிமை லூர்தம்மாவின் வீட்டுக்கு. துணியின் ஒரு முனையை வீட்டுத் தாய் பிடிப்பார். மறுமுனையை மூத்த மகன். கால் பக்கத்திலிருந்து மெதுவாக மேலே கொண்டுபோய் முகத்தையும் மூடிவிடவேண்டும். அதன் பிறகுதான் பவனி புறப்படும்.

"போன வருஷம் அண்ணன் புடிச்சான். இந்த வருஷம் நான் புடிக்கணும்ன்றாரு உபதேசியாரு. நான் புடிச்சா இன்னா அர்த்தம் மாமா? நான்தான் பெரியவன்னு ஆயிடும். அப்ப அண்ணன்?"

"பங்காளி யாராவது?"

"யாரு புடிச்சாலும் அதான். அந்த எடத்துல நின்னா அவன் எடத்துல நின்ன மாதிரி. அம்மா யாரையும் உடாது. தானும் போடாதாம்."

"போடாட்டா?"

"முறை மேலத்தெருவுக்குப் போய்டும். அது போனா போட்டும். ஆண்டவருக்குக் கோடி போடாத வூட்ல அந்த வருஷம் நல்ல காரியம் செய்யக்கூடாது. அது எங்க ஊர் கட்டு. சாமியாரே ஓலை வாசிக்க மாட்டாரு."

சாமியார் என்பது அவர்கள் பாதிரியார்; ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்தாகவேண்டும். ஆக என் தேதி, எஸ்தரின் தேதி, ஒரு மரச் சிற்பத்தின் மேல் விழவேண்டிய துணியில் மாட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு தெளிவாக ஒரு வழக்கை எனக்கு எந்த வக்கீலும் எடுத்துச் சொன்னதில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அருளப்பன் துணி வாங்கினான். வெள்ளைப் பருத்தி, கஞ்சி வாடை அடித்தது. கடைக்காரர் "வேட்டியா, கோடியா?" என்று கேட்டார். கோடி என்றதும் பேரம் பேசாமல் கிழித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் உபதேசியார் உட்கார்ந்திருந்தார். சாமியார் பல கிராமங்களுக்கு ஒருவர். அவர் வராத நாளில் ஜெபம் சொல்வது, சாவு எடுப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் உபதேசியார்தான். வற்றிய மனிதர், பெரிய குரல்.

"நாளிக்கி சாய்ந்தரம் வரிக்கும் பாப்பேன். நீ வரல, மேலத்தெரு ரெடியா கீறாங்கோ. அப்புறம் என்னிய கொற சொல்லாத."

"உன்ன இன்னாத்துக்குச் சொல்றேன்? நீ யாரு?" என்றார் லூர்தம்மா.

"ஆண்டவரு காலுல துணி இல்லாம கெடக்கணுமா?"

"என் புள்ள எப்டி கெடக்கறானோ, அத்த எவன் பாத்தான்?"

உபதேசியார் என் பக்கம் திரும்பி, படித்தவர் நீங்களாவது சொல்லுங்கள் என்பது போலக் கையை விரித்தார். அவர் போன பிறகு நான் சொன்னேன். என் தரப்பு வாதம் வலுவானது என்று அப்போது நினைத்தேன்.

"அம்மா, நேத்து நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அது மரம். தச்சன் செதுக்கினது. அது மேல துணி போடுதது மரத்து மேல துணி போடுதது. அதுக்கும் உங்க மகனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யார் அந்தப் பக்கம் நின்னாலும் உங்க மகன் உயிரு அதுல இல்ல."

அவர் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். கோபம் இல்லை.

"சாடை கூட இல்ல பெரியவரே. அது செவப்பா, ஒசரமா கீது. எம்புள்ள கறுப்பு, குள்ளம். அவங்கப்பா மாதிரி. எனக்குத் தெரியாதா மரம்னு? வருசா வருசம் நாந்தான் எண்ணெ பூசித் தொடைக்கிறேன். போன வருசம் கழுத்தாண்ட கரையான் கூட வந்துச்சி."

"பிறகு என்ன?"

"மரந்தான்னா உங்க ஆளுங்க ஏன் அத்தப் பாத்து பயப்படறீங்க?"

அவர் முறத்தைத் தட்டினார்.

"அன்னிக்கி பொம்பளைங்க அல்லாரும் அழுவாங்க. யாருக்கு அழறாங்கன்னு நெனைக்கிறீங்க? செத்துப்போன புருசன், பெத்துப் போட்ட புள்ள, அவங்கவங்களுக்கு. ஆண்டவரு அல்லாருக்கும் ஒடம்பு குடுத்துகினு படுத்துகினு இருப்பாரு. நான் போயி கோடி போட்டா அது யார் மேல வுழும்? என் கை போடுமா?"

நீதிமன்றத்தில் இந்தக் கட்டத்தில், மேல்விவாதம் இல்லை என்று எழுதுவோம்.

வெள்ளிக்கிழமை. ஊரில் அடுப்பு எரியவில்லை. மதியம் கோயில் வாசலில் ஊற்றிய கஞ்சி மட்டும். பாளையங்கோட்டையில் இந்த நேரம் மூன்று மணி ஆராதனை நடக்கும். பிரசங்கம் நீளும், விசிறி ஆடும், யாரும் அழ மாட்டார்கள். நான் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். தேதி இல்லாமல் திரும்புவதை எஸ்தரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

லூர்தம்மா வந்து நின்றார். தலை குளித்து, வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். கையில் அந்தத் துணி.

"நேத்து சொன்னது நெஜமா பெரியவரே? அது மரந்தான்னு?"

"எங்க சபைப் போதனைப்படி..."

"சபை கெடக்கட்டும். உங்களுக்கு?"

"மரம்தான்."

"உங்க மனசுல வேற ஒண்ணும் கெடையாது?"

"கிடையாது."

"அப்ப நீங்க புடிங்க."

எழுந்து உட்கார்ந்தேன்.

"எங்காளு யாரு புடிச்சாலும் அவன் எடத்துல நிப்பான். உங்களுக்குத்தான் அங்க எடமே இல்லியே. துணியப் புடிக்கிறீங்க, மரத்து மேல போடறீங்க. அவன் எடம் அப்டியே காலியா இருக்கும். முறையும் போவாது. உங்க பொண்ணு கல்யாணமும் நடக்கும்."

நான் கட்டிய வாதத்தில் நானே நிற்கவேண்டியதாயிற்று. மரம்தான் என்றால் மறுக்கக் காரணம் இல்லை. மறுத்தால் அது மரம் மட்டும் அல்ல என்று நானே ஒப்புக்கொண்டதாகும். எங்கள் ஐயர், போதகரை அப்படித்தான் அழைப்போம், என்ன சொல்வார், கமிட்டி என்ன சொல்லும் என்று யோசித்தேன். இப்படி ஒரு நிலைமைக்கு விதி எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன்.

கோயில் நிறைந்து வெளியிலும் ஆள் நின்றது. ஏணியில் ஏறிய ஒருவர் ஆணியை ஒவ்வொன்றாக உருவினார். வலது கை விடுபட்டுத் தொங்கியபோது தோள் தோல்வார் கிறீச்சிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "மவனே" என்றது ஒன்று. "எந்தெய்வமே" என்றது இன்னொன்று. கைகளை மார்பில் மடக்கி, இறக்கி, தூம்பா என்கிற மரப்பாடையில் கிடத்தினார்கள். பாடையை எங்கள் பக்கமும் இப்படித்தான் கட்டுவார்கள்.

உபதேசியார் என்னைப் பார்த்தார், லூர்தம்மாவைப் பார்த்தார், வாயைத் திறந்தார். "இவர்தான் புடிப்பாரு" என்றார் லூர்தம்மா. அருளப்பனைத் தேடினேன். கூட்டத்தின் கடைசியில், சுவரோடு ஒட்டி, வேண்டுமென்றே தள்ளி நின்றான்.

துணியின் முனையை என் கையில் வைத்தார். கால் பக்கத்தில் ஆரம்பித்தோம். சாயம் போன விரல்கள் முதலில் மறைந்தன. மரம் அங்கே நன்றாகவே தெரிந்தது; என் பக்கத்துச் சாட்சி. முழங்காலில் சிவப்பு வர்ணத்தில் எழுதிய காயம். துணி விறைப்பாக இருந்ததால் ஒவ்வோர் இடத்திலும் நீவிவிட வேண்டியிருந்தது. நீவினேன். இடுப்பு, விலா. லூர்தம்மா அழவில்லை; உதட்டைக் கடித்திருந்தார்.

மார்புக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

அழுகைகள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். "மேல, மேல இழுங்க" என்றார் உபதேசியார் என் காதருகில். முகம் மூடாமல் அந்தக் காரியம் முடியாது. அரைகுறையாக வந்த எதையும் என் மேஜையைத் தாண்ட விட்டவன் அல்ல நான். என் முனையை நான் இழுத்திருந்தால் அவர் முனையும் கூடவே வந்திருக்கும். பிடி அவ்வளவு தளர்ந்திருந்தது.

அவர் குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மூடாதீங்க சம்மந்தி. மூச்சு முட்டும்."

நான் அவருக்கு ஒன்றும் விளக்கவில்லை. துணியின் விளிம்பை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து, பின்னுக்கு மடித்து, தோளுக்கடியில் செருகினேன். மடிப்பு கழுத்தை இறுக்காமல் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். மறுபக்கத்தில் அவரும் அப்படியே செருகினார்.

"முகத்தை மூடணும். இப்டி ஒரு நாளும் நடந்ததில்ல" என்று உபதேசியார் சாமியாரைப் பார்த்துச் சொன்னார். இளைய சாமியார், அன்று நான்காவது கிராமம், அங்கி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தூம்பாவைப் பார்த்தார். லூர்தம்மாவைப் பார்த்தார்.

"மூணாம் நாள் எழுந்திரிக்கப் போறவர்தானே. தூக்குங்க" என்றார்.

தூக்கினார்கள். ஏரிக்கரையில் சூரியன் இறங்கும் நேரம். திறந்த முகத்தோடு ஆண்டவர் தெருத்தெருவாகப் போனார். மேலத்தெருவில் ஒரு பெண் ஓடிவந்து, அந்த முகத்துக்கு நேராகத் தன் முந்தானையால் விசிறிக்கொண்டே கூட நடந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு லூர்தம்மா எனக்குக் கஞ்சி கொடுத்தார். "வைகாசி கடைசில வச்சிக்கலாம். அவன் அதுக்குள்ள வந்தா வரட்டும். வரலன்னா அப்பால வருவான்" என்றார். சனிக்கிழமை நான் கிளம்பினேன்.

வைகாசிக் கடைசியில் கல்யாணம் நடந்தது. இடையில் நடந்த அந்தக் கொடுமையால் வழியெல்லாம் போலீஸ். ஒவ்வொரு மறிப்பிலும் எங்கள் வேனில் இருந்த சீர்த் தட்டுகளைக் கூடத் திறந்து பார்த்தார்கள். மிக்கேல் வரவில்லை. இதை எழுதும் நாள் வரைக்கும் செய்தி இல்லை.

எங்களோடு கல்யாணத்துக்கு வந்த எங்கள் ஐயருக்குப் பந்தியில் உபதேசியார் பக்கத்து இலை. நடந்ததையெல்லாம் உபதேசியார் தம் பெரிய குரலில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைத் தனியாக அழைத்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை.

"அந்த விக்கிரகத்துக்கு நீங்க கோடி போட்டதாச் சொன்னாங்களே, உண்மையா?"

துணியைத்தான் பிடித்தேன், மரத்தைத் தொடவில்லை, அல்லது தொட்டது மரம்தான் என்று எனக்குப் பதில் தயாராக இருந்தது. ரயிலிலேயே வாசகம் அமைத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"முகத்தை மூட வேண்டாம்னு அந்தம்மா சொன்னாங்க ஐயா. மூடல" என்றேன்.

"யார் முகத்தை?" என்றார் ஐயர்.

அவர் உண்மையாகவேதான் கேட்டார். கோயிலில் பெஞ்சுகளை ஒழுங்குபடுத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன்.

"தெரியல ஐயா" என்றேன்.